ஆடுதீண்டாப்பாளையைப் பிடுங்கியவர்

முப்பது வருஷம் பிளஸ் டூ பிள்ளைகளுக்குத் தாவரவியல் நடத்தினேன். நடத்திய செடிகளில் பாதியை நான் நேரில் பார்த்ததில்லை. வேலையில் இருந்தவரைக்கும் இதை யாரிடமும் சொல்லவில்லை. இப்போது ஓய்வு பெற்றாயிற்று. சொன்னால் யாரும் மெமோ கொடுக்க முடியாது.

பள்ளி ஸ்ரீவில்லிபுத்தூரில். ஆய்வகத்தில் துணியில் ஒட்டிய பழைய படங்கள் சுருட்டிக் கிடக்கும். சைகஸ் ஒரு படம், நெபந்தஸ் ஒரு படம், அரிஸ்டலோக்கியா ஒரு படம். அரிஸ்டலோக்கியாவின் பூ ஊதுகுழல் மாதிரி இருக்கும். உள்ளே போகிற ஈயைப் பிடித்து அடைத்துவைத்து, மேலெல்லாம் மகரந்தத்தைப் பூசி, பிறகு விடுதலை செய்யும். சிறைச்சாலைக் கதை என்பதால் பிள்ளைகள் அந்த ஒரு பாடத்துக்கு மட்டும் தூங்க மாட்டார்கள். ஆனால் எங்கள் படத்தில் குழல் இருந்த இடத்தைக் கரையான் தின்றுவிட்டது. புத்தகத்திலோ அச்சு மை பரவி அந்த இடம் ஒரே கறுப்பு. அதனால் குழலையும் அதற்குள்ளே இருக்கும் மயிரிழைகளையும் நானே யோசித்துப் போர்டில் வரைவேன். நான் வரைந்த மாதிரியே வரைந்த பிள்ளைகளுக்கு முழு மதிப்பெண்.

வருஷத்துக்கு ஒரு தடவை செடி சேகரிக்க மலையடிவாரத்து அய்யனார் கோவிலுக்குக் கூட்டிப்போவோம். பிள்ளைகள் அருவியில் குளிப்பார்கள், புளியோதரை சாப்பிடுவார்கள், திரும்பி வந்து பள்ளிக்கூட வாசலில் நிற்கிற குரோட்டன்ஸை ஒடித்து நோட்டில் ஒட்டிக் கொடுப்பார்கள். 'மேற்குத் தொடர்ச்சி மலைத் தாவரங்கள்' என்று தலைப்பு இருக்கும். நானும் கையெழுத்துப் போடுவேன்.

என் வீட்டுக்காரர் ராணுவத்தில் இருந்தவர். சுபேதாராக ஓய்வு பெற்று வந்தார். வீடு ராஜபாளையத்தில், நிலம் சோழபுரத்தில். வந்த மறுவாரமே களையோடு யுத்தத்தை ஆரம்பித்துவிட்டார். தென்னைக்கும் மாவுக்கும் நடுவில் ஒரு செடி தலை காட்டினால் அவர் கணக்கில் அது ஊடுருவல். காலையில் நிலத்தை ஒரு ரவுண்டு வந்துவிட்டு, இட்லிக்கு முன்னால் உட்கார்ந்து எனக்கு ரிப்போர்ட் கொடுப்பார்.

"கிழக்கு வரப்புல நாலு. கிணத்து மேட்டுல ஆறு. அம்புட்டும் வேரோட எடுத்தாச்சு."

'வேரோட' என்பதை அழுத்திச் சொல்வார். ஊரில் மற்றவர்கள் களை பறிக்கிறவர்கள், அவர் ஒருத்தர்தான் வேரோடு பறிக்கிறவர். கை போதாது என்று தோன்றிய வருஷம் டிராக்டரில் மாட்டி உழுகிற ரொட்டவேட்டர் வந்தது. அதுவும் போதாது என்று களைக்கொல்லி மருந்து வந்தது. எட்டு வருஷத்தில் எங்கள் நிலம் பரேடு மைதானம் மாதிரி ஆகிவிட்டது.

எங்கள் ஒரே மகன் ஒரு பெருநகரத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். போன வருஷம் பத்து நாள் அவனோடு இருந்துவிட்டு வரலாம் என்று போனோம். அங்கே வெள்ளைக்காரன் காலத்துத் தாவரவியல் பூங்கா ஒன்று உண்டு. நான் பாடத்தில் அதன் பேரைச் சொல்லியிருக்கிறேன், கேள்வித்தாளில் ஒரு மார்க்குக்குக் கேட்டும் இருக்கிறேன். போனதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மகனும் மருமகளும் எங்களைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

நான் புதுப்புடவை கட்டியிருந்தேன். கோவிலுக்குப் போகிற மாதிரி ஒரு படபடப்பு. உள்ளே நுழைந்ததும் ஆளுயர வேர்களோடு ஒரு மரம் நின்றது. நூறு வருஷத்துக்கு மேல் இருக்கும். நான் அண்ணாந்து நின்றேன். நின்றது நான் ஒருத்திதான். நடைப்பயிற்சிக்காரர்கள் மணிக்கட்டில் கட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே மரத்தைச் சுற்றிப் போனார்கள். எத்தனை அடி நடந்தோம் என்று அது சொல்லுமாம். ஒரு கல்யாண ஜோடி மரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மாறி மாறி வெட்கப்பட்டது. கேமராக்காரர் "இன்னும் கொஞ்சம் வெட்கம், மேடம்" என்று கேட்டு வாங்கிக்கொண்டிருந்தார்.

மகன் போனில் ஏதோ ஒன்றை இறக்கி வைத்திருந்தான். செடியைக் காட்டினால் அது பேர் சொல்லும். "அம்மா, இனிமே நீ சொல்லவே வேணாம், இதுவே சொல்லிரும்" என்றான். ஒரு வேப்பமரத்தைக் காட்டினான். அது கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு வேறு ஏதோ நாட்டு மரத்தின் பேரைச் சொன்னது.

"ஏலே, அந்தப் போனுக்கு ஒரு வேப்பங்குச்சிய ஒடிச்சுக் கடிக்கக் குடு" என்றார் என் வீட்டுக்காரர்.

அதன் பிறகு அவர் எங்களோடு வரவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பாத்தி பாத்தியாகப் பார்வையிட்டபடி தனியாகப் போனார். நான் சைகஸ் முன்னால் நின்றுவிட்டேன். அதன் ஆண் கூம்பை முப்பது வருஷம் வரைந்திருக்கிறேன், முதல் தடவையாக எதிரே நின்றது. கண் கலங்கிவிட்டது. மருமகள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, அதையும் பார்த்துவிட்டு, "பைனாப்பிளா அத்தை?" என்று கேட்டாள். நல்ல பிள்ளை. ஆறுதலாகத்தான் கேட்டாள்.

அப்போதுதான் விசில் சத்தம் கேட்டது. ஒரு விசில் இல்லை, விடாத விசில்.

மூலிகைப் பகுதியில், இடுப்பளவு கம்பி வேலிக்கு உள்ளே என் வீட்டுக்காரர் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பறித்த கொடிகள் சிறு கட்டாக அடுக்கி இருந்தன. வடக்கத்தி இளைஞர் ஒருவர் காவலுடையில் நின்று விசிலடித்துக்கொண்டிருந்தார். இவர் நிதானமாக எழுந்து இந்தியில் ஏதோ அதட்டினார். பட்டாள இந்தி. அந்தக் காவலர் வாயிலிருந்து விசிலை எடுத்துவிட்டு, தன்னை அறியாமல் விறைப்பாக நின்று ஒரு சல்யூட் அடித்தார். அடித்த பிறகு தன் வேலை ஞாபகம் வந்து இவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னங்க செஞ்சீங்க?" என்றேன்.

"களை எடுத்தேன்."

"யாரு எடுக்கச் சொன்னா?"

"எவன் சொல்லணும்? இந்தா பாரு, பலகை வச்சிருக்கான், செடியக் காணோம். ஆடுதீண்டாப்பாளை மண்டிப் போயி அமுக்கிருச்சு. என்ன செடியோ பாவம், மூச்சு விடட்டுமேன்னு எடுத்து விட்டேன்."

பலகையைக் குனிந்து படித்தேன். அரிஸ்டலோக்கியா பிராக்டியோலேட்டா என்று எழுதியிருந்தது.

"ஐயோ! இதுதாங்க அந்தச் செடி."

"எந்தச் செடி?"

"பலகையில இருக்கிற செடி. அரிஸ்டலோக்கியா."

"ஏட்டி, இது ஆடுதீண்டாப்பாளை."

"அரிஸ்டலோக்கியாங்க."

"நான் எம்புட்டுப் பாத்திருக்கேன், எனக்குத் தெரியாதா? ஆடுதீண்டாப்பாளை."

அவர் கையில் இருந்த கொடியை வாங்கிப் பார்த்தேன். சாம்பல் பூத்த பச்சையில் இதய வடிவ இலை. கசப்பான நாற்றம். இலைக் கக்கத்தில் கருஞ்சிவப்பாக ஒரு சின்ன ஊதுகுழல் பூ. எங்கள் கல்யாணம் முடிந்து முப்பத்து நாலு வருஷம். அவர் லீவில் வந்த காலத்திலிருந்தே சோழபுரத்து வரப்பில் இந்தக் கொடியை மிதித்துக்கொண்டுதான் அவருக்குச் சோறு கொண்டுபோயிருக்கிறேன். காலில் ஒட்டிய இலையை உதறிவிட்டு, மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போய், கரையான் தின்ற படத்தை விரித்து, "இது ஓர் அரிய தாவரம்" என்று சொல்லியிருக்கிறேன்.

எங்களை அலுவலகத்துக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே இருந்த அதிகாரி சத்தம் போடுகிற ரகம் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. மேஜையில் கிடந்த வாடிய கொடியைப் பிள்ளையைத் தடவுகிற மாதிரித் தடவினார்.

"இதை எப்படி வளர்த்தோம் தெரியுமா சார்? மூணு தடவை வச்சு மூணு தடவையும் போச்சு. கரிசல் மண்ணை லாரியில கொண்டுவந்து கொட்டினோம். நிழல் வலை கட்டினோம். சொட்டு நீர் போட்டோம். நாலாவது தடவைதான் பிடிச்சது."

என் வீட்டுக்காரர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். "இதையா வளத்தீக?"

"ஆமா சார்."

"தண்ணி ஊத்தி?"

"ஆமா."

"சார், நான் எட்டு வருஷமா இதச் சாகடிக்கத்தான் பாடுபட்டேன்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். கோபப்படப் போகிறார் என்று நினைத்தேன். ஆனால் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப உங்க ஊர்ல இது நிறைய இருக்கா?"

"மூடை மூடையா அள்ளலாம் சார்."

"அப்படின்னா புகார் எல்லாம் வேணாம். வேரோட ஒரே ஒரு செடி கொண்டுவந்து கொடுத்துடுங்க. அது போதும்."

இவர் எழுந்து நின்றார். கால்கள் தானாகச் சேர்ந்துகொண்டன. "ஒரு வாரம் சார். ஒண்ணு என்ன, பத்து தாரேன்."

வெளியே வந்ததும் மகன், "அப்பா, வேலிக்குள்ள எதுக்குப்பா போனீங்க?" என்று அழாக்குறையாகக் கேட்டான். "வேலி தாண்டக் கூடாதுன்னா இன்னும் ஒசரமாப் போட்டிருக்கணும்" என்று சொல்லிவிட்டு இவர் முன்னால் நடந்தார்.

பத்து நாளை ஆறாக்கிக்கொண்டு ஊருக்குத் திரும்பினோம். ராஜபாளையத்தில் பெட்டியை வைத்த கையோடு சோழபுரம் போனார். மத்தியானம் வரவில்லை. நான் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தால், அவர் தென்னைக்கு நடுவில் குனிந்து, ஒவ்வொரு வரப்பாகத் தேடிக்கொண்டிருந்தார். எட்டு வருஷமாக எதிரியைத் தேடிய அதே கண். இப்போது ஒரே ஒரு எதிரி உயிரோடு கிடைத்தால் போதும் என்றிருந்தது. ஒன்றுகூட இல்லை. பிடுங்கப் பிடுங்க முளைக்கிற அருகு இருந்தது, கோரை இருந்தது, பார்த்தீனியம் எங்களையே தள்ளிக்கொண்டு நின்றது. ஆடுதீண்டாப்பாளை மட்டும் இல்லை. அவர் வேலை அவ்வளவு சுத்தம்.

"பக்கத்து நெலத்துல பாப்போம்" என்றார். பக்கத்து நிலக்காரர் எங்களோடு சேர்ந்தே மருந்தடிக்க ஆரம்பித்தவர். அவருக்கு மருந்தைச் சிபாரிசு செய்ததே இவர்தான்.

அதன் பிறகு முன்னாள் படைவீரர்கள் வாட்ஸப் குழுவில் செய்தி போட்டார். 'அவசரம். ஆடுதீண்டாப்பாளை தேவை. வேருடன்.' அரை மணி நேரத்தில் குழு கொந்தளித்தது. எங்கள் வீட்டில் யாருக்கு என்ன நோய் என்று பதினைந்து பேர் விசாரித்தார்கள். இது தீர்க்காத வியாதியே இல்லை என்று ஒருவர் நீளமான பதிவு ஒன்றை அனுப்பினார். அதை அப்படியே இன்னொருவர் அனுப்பினார். பிறகு முதலில் அனுப்பியவரே, வேறெங்கோ சுற்றிவிட்டு வந்ததை மறுபடியும் அனுப்பினார். அந்தச் செடி சிறுநீரகத்தைக் கெடுக்கும், யாரும் தின்றுவிடாதீர்கள் என்று இவர் போனை வாங்கி நான் எழுதினேன். அதற்கு இருபது பேர் கைகூப்பினார்கள். யாரும் படித்த மாதிரித் தெரியவில்லை. படம் அனுப்பியவர்களில் ஒருவர் வெற்றிலைக் கொடியை அனுப்பியிருந்தார்.

ராஜபாளையத்தில் நாட்டு மருந்துக் கடையில் கேட்டோம். கடைக்காரர் ஒரு டப்பாவைத் தட்டினார். "பொடி இருக்கு."

"எங்க இருந்து வருது?"

"வடக்க இருந்து பார்சல்ல வருது சார். இங்கன ஏது செடி?"

எங்கள் பக்கத்து வீட்டம்மா தெலுங்கு பேசுகிறவர். அவரிடம் இலையை வர்ணித்தேன். அவர்கள் வீட்டில் அதைக் காடிதகடபாக்கு என்பார்களாம். தமிழில் ஆடு, தெலுங்கில் கழுதை. "பேரு தெரியும்மா. பாத்துத்தான் வருசக் கணக்காச்சு" என்றார்.

ஒரு வாரம் ஐந்து வாரமாயிற்று. இவர் இட்லிக்கு முன்னால் ரிப்போர்ட் கொடுப்பதை நிறுத்திவிட்டார். வாக்குக் கொடுத்துவிட்டு நிறைவேற்றவில்லை என்பது அவரை உள்ளே அரித்தது. நான் வேறு ஒருநாள் வாய் தவறி, "வேரோட எடுத்தா இப்படித்தான்" என்று சொல்லிவிட்டேன். தட்டைத் தள்ளிவிட்டுச் சோழபுரத்துக்குக் கிளம்பிவிட்டார்.

கடைசியில் எனக்குத்தான் ஒரு யோசனை வந்தது. ஆடு தீண்டாத செடி என்றால் ஆட்டுக்காரர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டி வத்திராயிருப்பு ரோட்டில் ஸ்கூட்டரில் போனோம். வ. புதுப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு அம்மா முப்பது நாற்பது ஆட்டோடு போய்க்கொண்டிருந்தார். வண்டியை நிறுத்தி விஷயத்தைச் சொன்னோம்.

அவர் இடுப்பில் கைவைத்துச் சிரித்தார். "ஆடு திங்கிறதத் தேடித்தான் நான் அலையுதேன். ஆடு திங்காததத் தேடிக்கிட்டு நீங்க வந்திருக்கீக."

"எங்கயாச்சும் இருக்கா தாயி?" என்றார் இவர்.

"அந்தா, அந்தப் பிளாட்டுக்குள்ள கெடக்கும். உள்ள ஆட்ட விட மாட்டேங்கான். போன மாசம் ஒரு குட்டி ஓடிருச்சுன்னு பிடிக்கப் போனேன், அப்பப் பாத்தேன்."

சாலையோரத்தில் பெரிய வளைவு ஒன்று நின்றது. மேலே இரண்டு சிமெண்ட் யானை. உள்ளே தார்ச்சாலைகள், விளக்குக் கம்பங்கள், நம்பர் போட்ட கற்கள், தண்ணீர் இல்லாத நீரூற்று. வீடு மட்டும் ஒன்றுகூட இல்லை. கரிசல் காட்டை வாங்கிப் பிளாட் போட்டு, ஆட்டையும் மாட்டையும் ரொட்டவேட்டரையும் மருந்தையும் உள்ளே விடாமல் வருஷக் கணக்காகக் காவல் காத்திருக்கிறார்கள். எந்தப் பூங்காவிலும் இவ்வளவு கண்டிப்பு கிடையாது.

வாசலில் ஒரு இளைஞர் டை கட்டிக்கொண்டு குடையோடு வந்தார். "வாங்க சார், வாங்க மேடம். பிளாட் பாக்கவா?"

என் வீட்டுக்காரருக்குப் பொய் வராது. "இல்ல, நாங்க ஒரு ஆடுதீண்டா..." என்று ஆரம்பித்தார். நான் முந்திக்கொண்டேன். "ஆமா தம்பி. பிளாட்தான்."

அவர் எங்களுக்குக் குடை பிடித்துக்கொண்டு கூட்டிப்போனார். பஸ் ஸ்டாப்பு இங்கே வருகிறது, பள்ளிக்கூடம் அங்கே வருகிறது என்று கையை நீட்டி நீட்டிக் காண்பித்தார். நாங்கள் இரண்டு பேரும் தரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"மேடம், மலைய வந்து பாருங்க. பால்கனியில நின்னா அப்படியே தெரியும்."

"செத்த இருங்க தம்பி" என்றேன்.

"சார் என்ன இவ்வளவு கூர்மையாப் பாக்குறாரு?"

"மண்ணப் பாக்காக."

"ஓ, வாஸ்துவா மேடம்?"

"ஆமா. வாஸ்து."

நாற்பத்தேழாம் நம்பர் கல்லுக்குப் பக்கத்தில் என் வீட்டுக்காரர் நின்றார். சட்டென்று மண்டி போட்டார். அங்கே பாய் விரித்த மாதிரிப் படர்ந்து கிடந்தது. சாம்பல் பச்சை இலை, கருஞ்சிவப்புப் பூ, ஒன்றிரண்டு காய். அவர் கையை வைத்தார், எடுத்தார், மறுபடியும் வைத்தார். எத்தனை ஆயிரம் செடியை அந்தக் கை பிடுங்கியிருக்கும். இப்போது தொடப் பயந்தது.

பையிலிருந்து களைக்கொத்தியை எடுத்தார். டை கட்டியவர் பதறினார். "சார், தோண்டுறீங்களே?"

"நம்ம பக்கம் அப்படித்தான் தம்பி" என்றேன். "பிடிச்ச மனையில ஒரு பிடி மண்ணெடுத்து வீட்டுல கொண்டுபோய் வைக்கணும்."

"தாராளமா எடுத்துக்குங்க மேடம்!" என்றார். அவரே ஒரு பிளாஸ்டிக் பை கொடுத்தார். ஒரு பிடி மண்ணுக்குப் பதிலாக ஒரு கூடை மண்ணை, மூன்று செடியோடு, சுற்றிலும் ஒரு முழம் தள்ளித் தோண்டி எடுத்துக்கொண்டு வந்தோம். பாவம், நாற்பத்தேழாம் நம்பரை எங்களுக்காகவே நிறுத்தி வைத்திருப்பதாக ஒரு மாசம் தினமும் போன் செய்தார். அவர் பேரைப் பார்த்தாலே என் வீட்டுக்காரர் போனை என்னிடம் நீட்டிவிடுவார். "நீதான பொய் சொன்ன, நீயே பேசு."

செடிகளைத் தொட்டியில் வைத்து ஒரு வாரம் முற்றத்தில் வைத்திருந்தோம். ஒருநாள் மத்தியானம் அவர் தூங்கும்போது ஒரு பூவைக் கிள்ளி எடுத்து, சாப்பாட்டு மேஜையில் வைத்து, பிளேடால் நெடுக்காகக் கீறினேன். உள்ளேயிருந்து ஒரு பொடி ஈ வெளியே வந்தது. கொஞ்ச நேரம் மேஜையில் நடந்து, காலால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பறந்துபோயிற்று. எனக்குச் சின்னப் பிள்ளை மாதிரிச் சந்தோஷம். யாரையாவது கூப்பிட்டுக் காட்ட வேண்டும் போலிருந்தது. பூதக்கண்ணாடியை எடுத்துக் குழலுக்குள்ளே பார்த்தேன்.

மயிரிழைகள் எல்லாம் உள்பக்கமாகச் சாய்ந்திருந்தன. ஈ நுழையலாம், திரும்ப முடியாது. நியாயம்தானே. முப்பது வருஷமும் நான் அவற்றை வெளிப்பக்கமாகச் சாய்த்து வரைந்திருக்கிறேன். என் படத்தின்படி எந்த ஈயும் உள்ளேயே போக முடியாது. ஆனாலும் உள்ளே ஒரு ஈயை வரைந்து, அம்புக்குறி போட்டு, 'சிறைப்பட்ட ஈ' என்று எழுதி, அப்படியே வரைந்த பிள்ளைகளுக்கு முழு மதிப்பெண் போட்டேன். அதில் ஒருத்தி இன்று டாக்டர். என் சர்க்கரைக்கு மருந்து எழுதித் தருகிறவள் அவள்தான். கீறிய பூவைக் காகிதத்தில் மடித்துக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, மேஜையைத் துடைத்தேன்.

மறுபடியும் ரயில். தொட்டியை இவர் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். எதிர் சீட்டில் இருந்தவர் "துளசியா?" என்றார். ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் என்று சொல்லியிருந்தோம், அதனால் துளசி. "இல்லைங்க" என்று சொன்னால் விளக்க வேண்டும். "ஆமா" என்று இவரே சொல்லிவிட்டார். வாழ்க்கையில் அவர் சொல்லி நான் கேட்ட முதல் பொய். எதிர் சீட்டுக்காரர் இலையைத் தொட்டு, விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து விரலை மோந்து பார்த்துவிட்டு எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

மகன் எங்களைக் கூட்டிப்போன பூங்கா அலுவலகத்தில் பழைய அதிகாரி இல்லை. மாற்றலாகிப் போய்விட்டாராம். அவர் நாற்காலியில் ஒரு இளம் பெண் அதிகாரி இருந்தார். என் வீட்டுக்காரர் தொட்டியை மேஜைமேல் வைத்து, நின்றபடியே நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னார். அந்தப் பெண் ஒரு பதிவேட்டைப் புரட்டினார். இன்னொன்றைப் புரட்டினார்.

"நீங்க செடியைப் பிடுங்கினதா இங்க எந்தப் பதிவும் இல்லையே சார்."

"நான்தான் பிடுங்கினேன்."

"இல்ல சார், பதிவு இல்ல."

"அம்மா, இந்தக் கையாலதான் பிடுங்கினேன். இவகிட்டக் கேளுங்க."

குற்றத்தை நிரூபிக்க வேண்டிய பொறுப்பு எங்கள் தலையில் விழுந்தது. வாருங்கள், இடத்தைக் காட்டுகிறேன் என்று இவர் முன்னால் போனார். பின்னாலேயே அந்தப் பெண், நான், எங்கள் மகன். மூலிகைப் பகுதிக்குப் போய் வேலி ஓரத்தில் நின்று பார்த்தோம்.

பலகை அங்கேயே இருந்தது. பலகையைச் சுற்றி ஆடுதீண்டாப்பாளை இரண்டு முழத்துக்குப் படர்ந்திருந்தது. முன்னைவிட அடர்த்தி. பூவும் வைத்திருந்தது.

"நல்லாத்தானே சார் இருக்கு?" என்றார் அதிகாரி.

யாரும் மறுபடி நட்டிருக்கவில்லை. தோட்டக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். "அதுவாத் துளிர்த்துச்சு மேடம். அடியில வேரு கெடந்திருக்கு" என்றார் அவர்.

என் வீட்டுக்காரர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். முகம் சிவந்துபோயிற்று. செடி பிழைத்ததில் எனக்கு நிம்மதி. அவருக்கு அது தோல்வி. மகன் ஏதோ சொல்ல வாயெடுத்தான், நான் கையைப் பிடித்து அழுத்தினேன்.

"வேரு அந்து உள்ளயே நின்னிருக்கு" என்று முணுமுணுத்தார். "மண்ணு இறுக்கம். நம்ம ஊரு மண்ணா இருந்தா வந்திருக்கும்."

"லாரியில வந்தது கரிசல் மண்ணுதாங்க" என்று சொல்லலாம்தான். சொல்லவில்லை.

கொண்டுவந்த தொட்டியை என்ன செய்வது என்று அடுத்த கேள்வி வந்தது. இழப்பே நடக்காததால் ஈடாக வாங்க முடியாது என்றார் அதிகாரி. தானமாகக் கொடுத்தால் வாங்கலாம், அதற்கு விண்ணப்பம் வேண்டும். இவர் அங்கேயே உட்கார்ந்து எழுதினார். பொருள், பார்வை, பெறுநர் எல்லாம் போட்டு, தன் பழைய பதவியையும் போட்டு, முத்து முத்தாக எழுதினார். அந்தப் பெண் படித்துப் பார்த்துவிட்டு, "இவ்வளவு அழகான விண்ணப்பம் நான் பார்த்ததில்லை சார்" என்றார். வட்ட முத்திரை குத்தி ரசீது கொடுத்தார். இவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. வெளியே வந்து டீ குடிக்கும்போது ரசீதை இரண்டு தடவை எடுத்துப் படித்தார்.

நான் நடந்ததை நடந்தபடி எழுதிவிட்டேன். ஆனால் சோழபுரத்தில் விசாரித்தால் வேறு கதை சொல்வார்கள். அந்தப் பெரிய பூங்காவில் ஒரு செடி எத்தனை தடவை வைத்தும் பிழைக்கவில்லையாம். அதிகாரிகள் யார் யாரிடமோ கேட்டுவிட்டுக் கடைசியில் எங்கள் வீட்டுக்காரரைத் தேடிப் பிடித்தார்களாம். அவர் போய்க் கையை வைத்ததும் தழைத்துவிட்டதாம். இந்தக் கதை எங்கிருந்து கிளம்பியது என்று கேட்டேன். "ஆளுங்க சொல்லுதாங்க, நான் என்ன செய்ய?" என்று என் வீட்டுக்காரர் செய்தித்தாளை விரித்துக்கொண்டார்.

போன மாசம் சோழபுரத்திலிருந்து பக்கத்து நிலக்காரர் மினி ஆட்டோவில் வந்து, ராஜபாளையத்து வீட்டு வாசலில் இரண்டு மூடையை இறக்கினார். இரண்டும் பார்த்தீனியம்.

"அண்ணாச்சி, இதையும் உங்க பூங்காவுக்கு அனுப்பி வச்சிருங்க. நம்மகிட்ட நெறையக் கெடக்கு. வேணுங்கிறப்பல்லாம் தாரேன்."

அவர் டீ குடித்துவிட்டுப் போன பிறகு மூடைகள் இரண்டு நாள் வாசலிலேயே கிடந்தன. மூன்றாம் நாள் காலையில் குப்பை வண்டி வந்தது. வண்டிக்காரம்மா மூடையைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டு, "மக்குற குப்பையா, மக்காத குப்பையா அண்ணாச்சி?" என்று கேட்டார்.

என் வீட்டுக்காரர் உண்மையிலேயே யோசித்தார்.

"மக்கும் தாயி. ஆனா சாகாது."

அந்த அம்மா எந்தத் தொட்டியில் போடுவது என்று ஒரு நிமிஷம் நின்றார். பிறகு இரண்டு மூடையையும் தூக்கி வண்டியின் நடுவில் போட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நகர்ந்தார்.